முத்திரை உடையாத பெட்டி

அத்தியாயம் பன்னிரண்டு

மூன்று வாரமாக அந்த வீட்டில் இரண்டு விஷயம் சரியில்லை. ஒயர்மேனின் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து கிடந்தது. அவனுடைய போன் அடித்தால் எடுக்காமல் அணைத்தான்.

கையைப் பற்றிக் கேட்டதற்கு, "ஏணி கட்டுற கயிறு வழுக்கிடுச்சு" என்றான். போனைப் பற்றிக் கேட்டதற்கு, "லோன் வேணுமான்னு கேக்குறாங்க, உனக்கு வேணுமா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஒப்புக்குப் போட்ட தையல் மாதிரி, இழுத்தால் பிரிந்துவிடும் சிரிப்பு. பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திய தையல்காரிக்கு அது தெரியாதா?

தெரிந்தும் அவள் இழுத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு வேறு பயம் இருந்தது. இன்று பதினோரு மணிக்கு மானிய அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள். தெருச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர்.

நாற்பத்திரண்டு வீடு உள்ள தெரு. மேலிருந்து கீழே சரிந்து போய்க் கால்வாயில் முடியும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, கீழ்க்கோடி வீடுகளெல்லாம் சாலைக்கு மூன்று படி பள்ளத்தில் போய்விட்டன. மழை வந்தால் தண்ணீர் யாரையும் கேட்காமல் உள்ளே வரும்.

இரண்டு வருஷம் மனு போட்டு, கூட்டம் கூட்டி, தீர்மானம் எழுதி, சங்கம் ஒரு மானியம் வாங்கியது. முதல் தவணையில் தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் மோட்டார். ஆய்வு நல்லபடியாக முடிந்தால் இரண்டாம் தவணையில் கால்வாய் ஓரம் தடுப்புச் சுவர்.

மோட்டார் வந்து இரண்டு மாதமாகிறது. மரப்பெட்டியில் வந்தது. மூடியின் குறுக்கே அலுவலக முத்திரை குத்திய காகிதம் ஒட்டியிருந்தது. சங்கத்துக்குத் தனியாக அலுவலகம் கிடையாது. அவளுடைய தையல் அறையின் பின்சுவர் ஓரம்தான் அலுவலகம். பெட்டியை அங்கேயே வைத்து, மேலே ஒரு பழைய போர்வையைப் போர்த்தியிருந்தாள்.

இரண்டு மாதமாக அதை யாரும் தொடவில்லை. ஆய்வு இரண்டு முறை தள்ளிப்போனது. தெருவுக்கே அந்தப் பெட்டி ஒரு பெருமை. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள், தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்ப்பது மாதிரி.

காலை எட்டு மணியிலிருந்தே மழை. மழை என்று சொல்வது மரியாதைக்கு. வானம் அண்டாவைக் கவிழ்த்தது.

"இந்த மழையில யாரு வருவாங்க? வேற நாள் வரச் சொல்லிடு" என்றான் ஒயர்மேன். வேலைக்குக் கிளம்பாமல் வாசலுக்கும் தையல் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"ஏற்கெனவே ரெண்டு தடவ தள்ளிப்போச்சு. இன்னும் ஒரு தடவன்னா பட்டியல்லேருந்து பேரையே எடுத்துடுவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லுவாங்க? ஷரத்து சார்தான்."

சங்கப் பொருளாளருக்குத் தெரு வைத்த பெயர் அது. ரிட்டையர் ஆனவர். மானிய ஒப்பந்தத்தின் பதினெட்டு ஷரத்தும் அவருக்குத் தலைகீழ் மனப்பாடம். அவர் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால்கூட எந்த ஷரத்தின்படி குறைந்தது என்று கேட்பார் என்று நாத்தனார் சொல்வாள்.

நாத்தனார்தான் சங்கத் தலைவி. ஒயர்மேனின் சொந்த அக்கா. தெருவின் கடைசி வீடு அவளுடையது. வீட்டுக்காரர் கப்பலில் வேலை, ஆறு மாதம் கடலில் இருப்பார். போன மாதம் படியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, கம்பி வைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் அசையக் கூடாது, அசைந்தால் கம்பி விலகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கால்தான் அசையவில்லை. வாய்க்கு யாரும் மாவுக்கட்டு போடவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"என்ன செயலாளரம்மா, ஆய்வுக்குப் பட்டுப்புடவை கட்டியாச்சா?"

"அண்ணி, அங்க தண்ணி எப்படி இருக்கு?"

"ரோட்டுலேருந்து ரெண்டு படி இறங்கிடுச்சு. மூணாவது படியில நின்னு காலிங் பெல் அடிக்குது."

"உதவிக்கு வர்ற அம்மா வந்தாங்களா?"

"அவ எங்க வருவா? பஸ்ஸே ஓடலயாம். நான் மட்டும் மகாராணி மாதிரி படுத்திருக்கேன்."

கிண்டல்தான். ஆனால் கடைசி வார்த்தையில் குரல் லேசாக உடைந்தது. பதினாறு வருஷத்தில் அந்தக் குரல் உடைந்து அவள் கேட்டதில்லை.

தீயணைப்புக்குப் போன் போட்டாள். ஊர் முழுக்கத் தண்ணீர், இருபது இடத்துக்குப் பிறகுதான் வர முடியும் என்றார்கள். தெருவில் ஆம்பளைகள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும், அந்த இடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் தண்ணீரில் மூன்று படி ஏற முடியுமா? கால் வழுக்கினால்?

பத்து மணிக்கு அடுத்த போன். இந்த முறை கிண்டல் இல்லை.

"உள்ள வந்துடுச்சும்மா. கட்டில் கால் நனையுது. பிளக் எல்லாம் கீழதான இருக்கு. தம்பிய மெயின அணைக்கச் சொல்லு. நான் இருட்டுல இருந்துக்குறேன்."

ஒயர்மேன் ஓடினான். பத்தே நிமிஷத்தில் மெயினை அணைத்துவிட்டு, இடுப்பு வரை நனைந்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"வாளி குடு. நான் இறைச்சுக்குறேன்."

"வாளியா? கால்வாயே திரும்பி வருது, வாளியால என்னங்க இறைப்பீங்க?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"வேணாம்" என்றான்.

அவள் திகைத்தாள். ஷரத்து, சட்டம், ரசீது என்றாலே கேலி பேசுகிறவன். ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்துப் போட்ட அன்று, 'இந்தக் காகிதத்தைத் தண்ணியில போட்டா தண்ணி வடிஞ்சுடுமா?' என்று கேட்டவன். இப்போது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"உங்க அக்காங்க உள்ள கிடக்குறது."

"தெரியும். முத்திரையை உடைக்காத. வேற ஏதாவது பண்ணலாம்."

குடையை மடக்கிக்கொண்டே ஷரத்து சார் உள்ளே வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் கட்டியிருந்தார்.

"ஷரத்து ஒன்பது" என்றார் மூச்சு வாங்க. "ஆய்வு முடியறவரைக்கும் முத்திரையை உடைக்கக் கூடாது. உடைச்சா குடுத்த மானியம் மொத்தமும் திருப்பிக் கட்டணும். பொறுப்பாளர் மேல வழக்கு. கையெழுத்து உங்களுதும்மா. எனக்குச் சொல்லவே கஷ்டமா இருக்கு, ஆனா சொல்லாம இருக்க முடியல."

"ஆள் முங்குனா என்ன பண்ணணும்னு ஏதாவது ஷரத்து இருக்கா சார்?"

அவர் கண்ணை மூடி மனதுக்குள் பதினெட்டையும் ஓட்டிப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார்.

வழக்கு என்ற வார்த்தை அவள் காதில் ஈ மாதிரி சுற்றியது. போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. நாற்பத்திரண்டு வீடும் அவளை நம்பிக் கையெழுத்துப் போடவைத்தது. சுவர் வராமல் போனால் அத்தனை வீடும் அவளைப் பார்த்து என்ன சொல்லும்? மேஜையில் துழாவினாள்.

கையில் கிடைத்தது துணி வெட்டும் கத்தரிக்கோல்.

அந்தக் கத்தரிக்கோலால் அவள் ஒரு நாளும் காகிதம் வெட்டியதில்லை. காகிதம் பட்டால் முனை மழுங்கும், அப்புறம் துணியைக் கடிக்கும். ஸ்கூல் பிராஜெக்டுக்கு எடுத்த மகளைக் கையில் அடித்திருக்கிறாள். இன்று முத்திரையின் நடுவில் வைத்து, ஒரே வெட்டு.

சின்னச் சத்தம்தான். ஒயர்மேன் அடி வாங்கியவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டான்.

ஷரத்து சார் குடையைக்கூட எடுக்காமல் வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். ஐந்து நிமிஷத்தில் ஒரு கேனோடு வந்தார்.

"பெட்ரோல். என் ஸ்கூட்டர்லேருந்து எடுத்தேன். குடுக்கக் கூடாதுன்னு எந்த ஷரத்தும் இல்ல."

மூவருமாக மோட்டாரை வெளியே எடுத்தார்கள். அவள் புனலைப் பிடித்துக்கொண்டு டாங்கின் மூடியைத் திருகினாள். திருகியவள் அப்படியே நின்றாள்.

உள்ளே ஏற்கெனவே பெட்ரோல் இருந்தது. பாதி டாங்கு.

புது மோட்டார். கம்பெனியிலிருந்து பெட்ரோல் ஊற்றியா அனுப்புவார்கள்?

"என்னம்மா, ஊத்தட்டுமா?" என்றார் ஷரத்து சார்.

"ஊத்துங்க சார்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

குழாயை எடுக்கப் பெட்டிக்குள் குனிந்தாள். அடியில், வைக்கோலுக்கு நடுவே, காய்ந்த மண் உதிர்ந்து கிடந்தது. சிவப்பு மண். தெருவில் தோண்டினால் கறுப்புக் களிதான் வரும். இந்தப் பக்கத்தில் எங்கேயும் செம்மண் கிடையாது.

அவள் கண் தானாகப் பெட்டியின் பின்பக்கம் போனது. சுவரை ஒட்டியே இருந்ததால் யாரும் பார்க்காத பக்கம். மூடியின் கீல்களில் இருந்த திருகாணிகளின் தலையெல்லாம் புதிதாகக் கீறிப் பளபளத்தன. முன்னால் முத்திரை அப்படியே இருக்க, பின்னால் கீலைக் கழற்றி யாரோ திறந்திருக்கிறார்கள்.

குழாயின் இணைப்பில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. டேப்பின் கடைசி நுனி உள்பக்கமாக மடித்து, ஒரு சின்ன வால் மாதிரி விடப்பட்டிருந்தது. அடுத்த தடவை பிரிக்க வசதியாக இருக்கும் என்று அப்படி மடிக்கிற ஆள் ஒருத்தன்தான் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுச் சுவிட்சிலும், மிக்ஸி ஒயரிலும், தையல் மிஷின் மோட்டாரிலும் அதே வால்தான்.

நிமிர்ந்தாள். ஒயர்மேன் அவளைப் பார்க்கவில்லை. மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்திருந்தான்.

மூன்று வாரத்துக்கு முன் தங்கையின் பிரசவத்துக்கு இரண்டு நாள் போயிருந்தாள். திரும்பி வந்தபோது பெட்டி ஒரு சாண் நகர்ந்திருந்தது. கூட்டிப் பெருக்கியிருப்பான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். என்ன புத்தி.

"தூக்கு" என்றான் அவன். அவள் மறுபக்கம் தூக்கினாள். கேட்பதற்கு இது நேரமில்லை.

தெருவின் கீழ்ப்பாதி ஆறாகியிருந்தது. நாத்தனார் வீட்டுக்கு முன்னால், சாலையின் மேட்டில் மோட்டாரை வைத்தார்கள். அவன் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு இழுத்தான். புது மோட்டார் முதல் இழுப்பில் உறுமியது. பழகிய மாடு மாதிரி.

குழாய் வழியாக அழுக்குத் தண்ணீர் சீறிக்கொண்டு கால்வாய் மதகுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ஜன்னல் வழியாக நாத்தனாரின் முகம் தெரிந்தது. கட்டிலின் பலகையைத் தண்ணீர் தொட இன்னும் நாலு விரற்கடைதான் பாக்கி. மெத்தையின் நுனி நனைந்து தொங்கியது. இருட்டில் அவள் கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"உடைச்சுட்டியா?" என்று கேட்டாள்.

"உடைச்சுட்டேன் அண்ணி."

"நல்ல செயலாளர்டி நீ" என்றாள் நாத்தனார். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்ததும் தையல்காரிக்கு இன்னும் பயமாகிவிட்டது.

தண்ணீர் விரல் விரலாக இறங்கியது. கட்டில் காலில் ஈரத்தின் கோடு தெரிய ஆரம்பித்த நேரத்தில், மழைக்கோட்டு போட்ட சின்னப் பெண் ஒருத்தி முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். பிளாஸ்டிக் கவருக்குள் காகிதங்கள்.

"மானிய அலுவலகம். செயலாளர் யாருங்க?"

மோட்டாரின் சத்தத்திலும் அந்தக் கேள்வி தெளிவாகக் கேட்டது.

"நான்தாங்க. முத்திரையை உடைச்சதும் நான்தான். இவங்களுக்கு இதுல சம்பந்தமில்ல."

ஆய்வாளர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். கட்டில் காலின் ஈரக்கோட்டைப் பார்த்தாள். முகம் இளகியது.

"உயிர் ஆபத்துன்னா திறக்கலாங்க. இருபத்துநாலு மணி நேரத்துல எழுதிக் குடுத்தாப் போதும். போன மாசம் சுற்றறிக்கை அனுப்பினோமே, வரலையா?"

ஷரத்து சார் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பத்தொன்பதாவது ஷரத்தா" என்று முனகினார்.

தப்பித்தோம். வழக்கு இல்லை. சுவர் வரும். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அரை நிமிஷம் இருந்திருக்கும் அந்த நிம்மதி.

ஆய்வாளர் மோட்டாருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கைப்பிடிக்கு அடியில், யாரும் கவனிக்காத இடத்தில், ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. மழைத்துளியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை துடைத்துப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குத் திறந்தீங்க?"

"பத்து இருபது, பத்து இருபத்தஞ்சு இருக்கும்."

"இப்ப பதினொண்ணே கால். இந்தக் கண்ணாடி மோட்டார் ஓடின நேரத்தைக் காட்டும். எங்க ஆபீஸ்லதான் பொருத்தினோம். ஒன்பது மணி நேரம்னு காட்டுது." அவள் நிமிர்ந்தாள். "மீதி எட்டு மணி நேரம் எங்க ஓடுச்சு?"

ஒயர்மேன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கம்பெனியில ஓட்டிப் பாத்திருப்பாங்க" என்றார் ஷரத்து சார் மெல்ல. வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய்யாக இருக்கும். காது மடல் சிவந்துவிட்டது.

"இருக்கலாம்" என்றாள் ஆய்வாளர். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஒரு படிவத்தை உருவி, பேனாவோடு நீட்டினாள். "இதுக்கு முன்னாடி இந்தக் கருவியை யாரும் இயக்கலைன்னு எழுதியிருக்கு பாருங்க. செயலாளர் கையெழுத்துப் போட்டுட்டா என் வேலை முடிஞ்சுது. சுவருக்கு இன்னைக்கே சிபாரிசு அனுப்பிடுவேன். எழுத்துல என்ன இருக்கோ அதுதான் எனக்கு."

கையெழுத்துப் போட்டால் சுவர். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சுவர். ஒரு கோடு இழுத்தால் போதும்.

பேனாவை வாங்கினாள். காகிதத்தில் மழைத்துளி விழுந்து பரவியது. அந்தச் செம்மண் எங்கேயிருந்து வந்தது? அங்கே என்ன நடந்தது? தெரியாமல் எதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறாள்?

"டேய் தம்பி" என்றாள் நாத்தனார், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி. "எதுக்குடா தலையைக் குனிஞ்சு நிக்கிற? சின்ன வயசுல கண்ணாடி உடைச்சப்ப இப்படித்தான் நின்ன."

தையல்காரி பேனாவை மூடினாள். படிவத்தை மடித்து ஆய்வாளரிடமே திருப்பிக் கொடுத்தாள். ஒயர்மேனின் பக்கத்தில் போய், அவனுடைய வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். கயிற்றின் முறுக்கு அப்படியே தோலில் பதிந்து ஆறியிருந்தது. ஏணி கட்டும் மெல்லிய கயிறு அல்ல. கனத்த கயிறு. கனமான எதையோ வெகுநேரம் இழுத்த கை.

"என்னங்க, எந்த ஊரு மண்ணு அது?"

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"குழிக்குள்ள ஆள் இருந்தான்" என்றான். "என்கூட வேலை செஞ்சவன். கேபிள் குழி. ஊத்து உடைச்சுத் தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. கான்டிராக்டர் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டான். நீ ஊர்ல இல்ல. என்னால வேற என்ன பண்ண முடியும், சொல்லு."

"வெளியே எடுத்தீங்களா?"

"ராத்திரி முழுக்க இறைச்சு, விடியக்காலையில எடுத்தோம்."

"உயிரோடயா?"

அவன் பதில் சொல்வதற்குள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவன் கை வழக்கம்போல் அதை அணைக்கப் போனது. அவள் முந்திக்கொண்டாள். பெயர் இல்லாத எண். பச்சையை அழுத்திக் காதில் வைத்தாள்.

அந்தப் பக்கம் ஒரு பெண். அழுது அழுது தொண்டை கட்டிய குரல்.

"அண்ணே, இன்னைக்காவது எடுத்தீங்களே. குழி வேலைக்கு உங்ககூட வந்தவரு, மூணு வாரமாச்சுண்ணே. என் வீட்டுக்காரர எங்க வெச்சிருக்கீங்க?"